தகுதி வழக்கு மூன்றும் ஒரு நோயும்

பவணந்தி முனிவர் தமது நன்னூலில் வழக்கினை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாக வகுத்து, தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக விரித்தார். அவையிற் கூறத் தகாத சொல்லை மறைத்துப் பிறிதொரு சொல்லாற் கூறுதல் இடக்கரடக்கல். மங்கலம் அல்லாததை மங்கலமாக்கிக் கூறுதல் மங்கலம். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்குமாறு ஒரு பொருளுக்கு வேறு பெயரிட்டு வழங்குதல் குழூஉக்குறி. 32 ஆண்டுகள் இப்பாடத்தை நான் மாணவர்க்கு நடத்தினேன். கால் கழுவி வந்தான் என்பதையும், இறந்தாரைத் துஞ்சினார் என்பதையும், பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதையும் கரும்பலகையில் எழுதாத வருடம் ஒன்றில்லை. இவை ஒரு பண்பட்ட சமுதாயத்தின் அடையாளங்கள் என்று பெருமையோடு விளக்கியதும் உண்டு.

இம்மூன்றும் ஒன்றுகூடினால் ஒரு மனிதனின் நோயை அவன் உயிர் போகும்வரை மறைத்து வைக்கவும் கூடும் என்று எந்த உரையாசிரியரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. என் நண்பர் ஒருவரின் மரணமே அதனை எனக்குக் கற்பித்தது.

அவர் கணித ஆசிரியர். ஒரே பாடசாலையில் இருவரும் நெடுங்காலம் கற்பித்தோம். ஓய்வு பெற்ற பின்னரும் மாலை வேளைகளில் வாசிகசாலைத் திண்ணையிற் சந்திப்போம். 2016 ஆம் ஆண்டு ஐப்பசியில், இரவில் மூன்று நான்கு தரம் எழும்ப வேண்டியிருக்கிறது என்று அவர் முதன்முதலாகச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 61. "ஐசே, இது வயதின் குழப்படி" என்று அவரே தீர்ப்பும் கூறிவிட்டார். இளநீர் குடித்தார், சீரகத் தண்ணீர் குடித்தார். எரிவு உண்டானபோது மருந்துக் கடையில், "உடம்புச் சூடு" என்று சொல்லி மாத்திரை வாங்கினார். சில நாள் குறைந்தது போலிருந்தது, பின் கூடியது. டொக்டரிடம் போனார். டொக்டர் சிறுநீரைப் பரிசோதிப்பித்துக் கிருமிக்கு மருந்து கொடுத்தார். அது போதாதபோது, வயது வந்தோர்க்கு வரும் சுரப்பி வீக்கம் என்று கூறிச் சிறுநீர்வழியைத் தளர்த்தும் மாத்திரை எழுதினார். குருதியில் பீ.எஸ்.ஏ. என்னும் பரிசோதனையும் செய்யப்பட்டது. முடிவு இரண்டுக்குச் சற்று மேல். நான்குக்குக் கீழிருப்பது வழமை என்றனர். புள்ளிப் பட்டியலை வீட்டுக்குக் கொண்டுவரும் மாணவனைப் போல அந்தத் துண்டை என்னிடம் நீட்டிக் காட்டினார். இருவரும் மகிழ்ந்தோம்.

2017 தைமாதத்தில் ஒரு மாலை, பிறர் எழுந்து சென்ற பின், குரலைத் தாழ்த்தி, "ஐசே, நேற்றுச் செவ்வரத்தம்பூ ஊறின தண்ணி மாதிரிப் போச்சுது" என்றார். அவர் கூறியது இன்னதென்று எனக்கு விளங்கிற்று. இடக்கரடக்கலை மற்றவர்க்குக் கற்பித்தவனுக்கு விளங்காமற் போகுமா? விளங்கியும், அவருடைய கூச்சத்துக்கு மதிப்பளித்து, "சூடாய்த்தான் இருக்கும்" என்று சொல்லிப் பேச்சை வேறு பக்கம் திருப்பினேன். அடுத்த முறை டொக்டரிடம் போனபோது அவர் சொன்னது, "சலம் கொஞ்சம் கலங்கல்" என்பதே. டொக்டர் மலவாயில் வழியாக விரலாற் சுரப்பியைப் பரிசோதிக்க வேண்டும் என்றபோது, "அது வேண்டாம் டொக்டர், பிறகு பார்ப்பம்" என்று மறுத்துவிட்டார். வெளியே எண்பது பேர் காத்திருந்தனர். டொக்டரும் வற்புறுத்தவில்லை.

பங்குனியில் ஓரிரவு சிறுநீர் முற்றாகத் தடைப்பட்டது. வைத்தியசாலையில் குழாய் இட்டனர். பின்னர் சிறுநீர்வழியூடாகக் கருவி செலுத்தி, அடைத்து நின்ற சதையைச் சீவி எடுத்தனர். அந்தச் சீவல்களை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. அது சாதாரண வீக்கமும் அன்று. அச்சுரப்பியில் வழக்கமாக வரும் புற்றுநோயும் அன்று. சிறுகலப் புற்றுநோய் என்னும் அரிய வகை. அதற்குள் ஈரலிலும் பரவியிருந்தது. அவ்வாண்டு கார்த்திகையில் அவர் காலமானார். பாருங்கள், இறந்தார் என்று எழுத என் கை இப்போதும் பின்வாங்குகிறது.

இது யார் குற்றம் என்று பலநாள் எண்ணினேன். ஒருவரைப் பிடித்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. நோயின் இயல்பையே முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. வைத்தியம் கற்றவர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் நான் அறிந்தவற்றை இங்கே கூறுகிறேன்.

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்வழியைச் சூழ்ந்து, ஒரு சிறு சுரப்பி உண்டு. ஆங்கிலத்தில் அதனைப் புரொஸ்ரேற் என்பர். முன்னே நிற்பது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. நம்முடைய பாடநூல்கள் அதனை முன்னிற்குஞ் சுரப்பி என்று செம்மையாகவே தமிழாக்கியுள்ளன. இளமையில் அதன் நிறை ஏறக்குறைய 20 கிராம். வயது ஏற ஏற அது பருப்பது இயற்கை. அறுபதை அடையும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப்பேரிடமும், எண்பதைக் கடந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேலானவரிடமும் இவ்வீக்கத்தைக் காணலாம். இது புற்றுநோயும் அன்று. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. சிறுநீர்வழியை ஒட்டிய உட்பகுதியில் இது பருப்பதால் வழி நெருக்குண்கிறது. இரவில் எழும்புதல், தாரை மெலிதல், முடித்த பின்னும் முடியாதது போன்ற உணர்வு ஆகியவை இதனாலேயே உண்டாகின்றன.

இச்சுரப்பியில் வரும் புற்றுநோய்களுள் 100 க்கு 90 க்கு மேற்பட்டவை ஒரே வகையின. அவை பெரும்பாலும் சுரப்பியின் புறப்பகுதியில், சிறுநீர்வழிக்குத் தொலைவில் தோன்றுவன. ஆதலின் ஆரம்பத்தில் அவை சிறுநீர்த் தொல்லை எதனையும் தருவதில்லை. அவற்றின் கலங்கள் பீ.எஸ்.ஏ. என்னும் புரதத்தைக் குருதியில் மிகுதியாகச் சேர்ப்பதால் அப்பரிசோதனையில் அகப்பட்டுவிடுகின்றன. அதாவது, வழக்கமான புற்றுநோய் வாய் திறந்து பேசுவதில்லை. ஆனால் தன் கையெழுத்தைக் குருதியில் விட்டுச் செல்கிறது.

அரிய வகைகளோ இதற்கு நேர்மாறானவை. சிறுகலப் புற்றுநோய் இச்சுரப்பியின் புற்றுநோய்களுள் 100 க்கு 1 க்கும் குறைவாகவே முதற் கண்டறிதலிற் காணப்படுவது. நுரையீரலில் வரும் அதே பெயருடைய நோயை ஒத்தது, வாரக்கணக்கில் வளர்வது. தசை முதலிய தாங்கும் இழையங்களில் தோன்றும் சார்க்கோமா என்பது இன்னும் அரியது. அதில் ஒரு வகை சிறு பிள்ளைகளையே பற்றுவது. சிறுநீர்வழியை அடுத்த பெருங்கான்களில் தோன்றும் கான் புற்றுநோய் என்பது மற்றொன்று. அது வழியினுள்ளே நீட்டிக்கொண்டு வளர்ந்து அடைப்பையும் குருதிக் கசிவையும் உண்டாக்கக் கூடியது. இவையெல்லாம் சிறுநீர்த் தொல்லைகளாகவே தம்மை வெளிப்படுத்துவன. ஆனால் சிறுகல வகையிலும் சார்க்கோமாவிலும் பீ.எஸ்.ஏ. பெரும்பாலும் உயர்வதில்லை. கான் வகையிலும் அது எதிர்பார்த்த அளவு உயராமல் இருப்பது உண்டு.

இங்கேதான் அந்தக் கொடிய முரண் இருக்கிறது. அரிய நோய் பொது நோயின் குரலிற் பேசுகிறது. பேசவேண்டிய பரிசோதனையில் மௌனம் சாதிக்கிறது. நோயாளி அக்குரலைக் கேட்டு, வயது என்கிறான். வைத்தியர் அந்த மௌனத்தைப் பார்த்து, பயமில்லை என்கிறார். என் நண்பரின் கையில் இருந்த துண்டு பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்கப்பட்ட கேள்வி வேறு. நாங்கள் அதிலிருந்து பெற்றுக்கொண்ட விடை வேறு. கணித ஆசிரியராகிய அவர், கேள்வியை மாற்றி விடையெழுதிய மாணவனுக்கு ஒருபோதும் புள்ளி வழங்கியவர் அல்லர்.

பீ.எஸ்.ஏ. பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அது கிருமித் தொற்றிலும் உயரும். சாதாரண வீக்கத்திலும் உயரும். மறுபுறம், சுரப்பியைச் சுருக்குவதற்கு வழங்கப்படும் பினாஸ்டரைட் போன்ற மாத்திரைகளை ஆறு மாதம், ஒரு வருடம் உட்கொண்டவரிடம் அது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். அம்மாத்திரையை உட்கொள்வதைச் சொல்லாது பரிசோதனைக்குச் செல்பவர், தம்மையும் ஏமாற்றி வைத்தியரையும் ஏமாற்றுகிறார்.

அரிய நோய் என்ற சொல்லையும் சற்று ஆராய்வது நல்லது. 1853 இல் இலண்டன் வைத்தியசாலையைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் அடம்ஸ், 59 வயதான ஒருவரின் சுரப்பியில் கண்ட புற்றுநோயை, நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து எழுதினார். இது மிக அரிய நோய் என்றே அவர் குறித்தார். 2022 ஆம் ஆண்டில் உலகெங்கும் 14 இலட்சத்துக்கு மேற்பட்ட ஆண்களிடம் அந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஆண்களின் புற்றுநோய்களுள் நுரையீரல் நோய்க்கு அடுத்த இடம் அதற்கே. மனிதர் நீண்டகாலம் வாழத் தொடங்கியது இதற்கு ஒரு காரணம். பரிசோதனைகள் பெருகியது மற்றொரு காரணம். எனினும் அடம்ஸின் காலத்தில் அந்நோய் அத்துணை அரிதாகத் தோன்றியதற்கு, அதனால் இறந்த கிழவர் பலரை நீரடைப்பால் இறந்தார் என்று எழுதிப் புதைத்ததும் ஒரு காரணமாகும். நாம் தேடாத பொருள் நமக்கு அரிய பொருளாகவே தோன்றும்.

பெயர் எவ்வளவு முக்கியம் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. மேலே கூறிய கான் புற்றுநோயை 1967 இல் முதன்முதல் விவரித்த மெலிக்கோ, பக்டர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், அது ஆணுடலில் எஞ்சி நிற்கும் கருப்பை எச்சத்திலிருந்து தோன்றுவதெனக் கருதி, அதற்கேற்பப் பெயரிட்டனர். நுணுக்குக்காட்டியில் அது கருப்பைப் புற்றை ஒத்திருந்ததே காரணம். பெயர் மாறினால் மருந்தும் மாறும். சுரப்பியின் வழக்கமான புற்றுநோய் ஆண் ஓமோனைச் சார்ந்து வளர்வது என்பதைச் சிக்காகோவில் சார்ல்ஸ் ஹகின்ஸ் 1941 இல் நிறுவியிருந்தார். அதற்காக 1966 இல் நோபல் பரிசும் பெற்றார். அவர் காட்டிய வழியில் பெண் ஓமோன் மருந்தாக வழங்கப்பட்டது. கருப்பையை ஒத்த நோய்க்கு அதனை வழங்கினால் தீங்காகுமோ என்னும் ஐயம் எழுந்தது. பின்வந்த ஆய்வுகள் அது சுரப்பியின் கான்களிலேயே தோன்றுவது என்று தெளிவித்தன, பெயரும் திருந்தியது. சிறுகல நோயிலோ நிலைமை வேறு. அது ஓமோனைச் சாராதது; ஓமோன் சிகிச்சைக்கு இணங்காதது. நுரையீரல் நோய்க்கு வழங்கும் மருந்துகளையே அதற்கும் வழங்க வேண்டியிருக்கிறது. ஆகவே, புற்றுநோய் என்ற பெயரளவில் நின்றுவிடாமல் எந்தப் புற்றுநோய் என்பதையும் அறிந்தாலன்றி வைத்தியம் தொடங்க முடியாது. வள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தில், நோய் இன்னதெனத் தெளிதலை முதலிலும், அதன் காரணத்தை அறிதலை அதன் பின்னும், மருந்து செய்தலைக் கடைசியிலும் வைத்தார். நாமோ மருந்தை முதலில் வாங்கி விடுகிறோம்.

இனித் தகுதி வழக்குக்கு வருகிறேன்.

முதலாவது, நோயாளியின் இடக்கரடக்கல். சூடு, கலங்கல், கடுப்பு, ஒரு மாதிரி என்னும் நான்கு சொற்களால் நம்மவர் தம் உடம்பின் கீழ்ப்பாதி முழுவதையும் கூறி முடித்துவிடுகின்றனர். செவ்வரத்தம்பூ ஊறின தண்ணீர் என்பது கவிதைக்கு அழகாயிருக்கலாம். வைத்தியரின் மேசையில் அது குருதி என்ற சொல்லாக மாறியாக வேண்டும். ஆணொருவரின் சிறுநீரிற் கண்ணாற் காணத்தக்க குருதி ஒரே ஒரு முறை தோன்றி மறைந்தாலும், காரணம் தேடப்பட வேண்டும் என்பது வைத்தியத்தில் ஐயத்துக்கிடமற்ற விதி. அந்த ஒரு சொல் சொல்லப்பட்டிருந்தால், தையிலேயே சிறுநீர்ப்பையினுள் கருவி விட்டுப் பார்த்திருப்பர்.

இரண்டாவது, வீட்டாரின் மங்கலம். நோய் கண்டறியப்பட்ட பின்னரும் அவர் பிள்ளைகள், அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று டொக்டரிடம் கேட்டுக்கொண்டனர். வீட்டில் அந்த வருத்தம் என்றே வழங்கினர். எந்த வருத்தம் என்று கேட்பார் இல்லை. அவர்கள் அன்பினாற் செய்தனர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தம் வாழ்நாள் முழுவதும், தரப்பட்டவை எவை, காண வேண்டியது எது என்று பிரித்து எழுதக் கற்பித்த ஒருவருக்கு, தரப்பட்டவற்றை மறைத்துவிட்டோம். ஒருநாள் வைத்தியசாலைக் கட்டிலில் இருந்தபடி, "ஐசே, எனக்கு எல்லாரும் விடையைத் தெரிந்துகொண்டு கணக்கை மறைக்கிறியள்" என்றார். நான் தலைகுனிந்தேன். எஞ்சிய நாட்களை எவ்வாறு கழிப்பது, எந்தச் சிகிச்சையை ஏற்பது, எதனை மறுப்பது என்று தீர்மானிக்கும் உரிமை அவருடையது. அதனை மங்கலத்தின் பெயரால் நாங்கள் பறித்திருந்தோம்.

மூன்றாவது, வைத்தியரின் குழூஉக்குறி. பீ.எஸ்.ஏ., பீ.பீ.எச்., யூ.ரீ.ஐ. என்னும் எழுத்துகள் நோயாளியின் துண்டில் எழுதப்படுகின்றன. மூன்றெழுத்துகளில் ஒரு நோய்க்குப் பெயர் கிடைத்தவுடன் தேடல் முடிந்துவிட்டதென்று எழுதியவரும் எண்ணுகிறார், வாங்கியவரும் எண்ணுகிறார். அடுத்த முறை வேறொரு டொக்டர் பார்த்தாலும் பழைய துண்டைப் பார்த்து அதே மூன்றெழுத்துகளையே மீண்டும் எழுதுகிறார். முதல் ஊகமாகத் தொடங்கியது, மூன்றாம் முறை எழுதப்படும்போது முடிந்த உண்மையாகிவிடுகிறது. ஆளுக்கு ஐந்து நிமிடம் வைத்து நூறு பேரைப் பார்க்கும் வைத்தியரின் களைப்பை நான் அறியாதவன் அல்லன். எனினும் அந்த எழுத்துகளின் அருகில் இப்போதைக்கு என்று ஒரு சொல்லை மனத்திலாவது அவர் எழுதிக்கொள்ளலாம்.

இக்கூச்சமெல்லாம் நம் மரபு என்று கூறுவாரும் உளர். நான் உடன்படேன். நம் சித்த வைத்தியர் சிறுநீரின் நிறம், மணம், நுரை, எடை ஆகியவற்றைப் பார்த்து நோய் கணித்தனர். எண்ணெய்த் துளியை அதன் மேல் விட்டு அது பரவும் வகையை ஆராய்ந்தனர். தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி நெய்க்குறி நூல் இதற்கெனவே எழுந்தது. நீரடைப்பினுள்ளும் கல்லடைப்பு வேறு, சதையடைப்பு வேறு என்று பிரித்துப் பெயரிட்டனர். அம்முறைகளின் பயன் இன்று எவ்வளவு என்பது தனிக் கேள்வி. அவர்கள் கூசவில்லை என்பதே இங்கே வேண்டப்படுவது.

மேலைநாட்டு வைத்தியமும் நமக்குத் தமிழிலேயே வந்தது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மாணவர்க்குத் தமிழில் வைத்தியம் கற்பித்தார். இரண வைத்தியம் முதலிய நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். இலண்டனில் அடம்ஸ் அந்த அரிய நோயை எழுதிய காலத்திலேயே, மானிப்பாயில் உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருந்தனர். சொல் இல்லாமல் நாம் வாயடைத்து நிற்கவில்லை. இருக்கும் சொல்லை எடுத்து வழங்க மனமின்றியே நிற்கிறோம். நம் பாடசாலைகளில் உயிரியல் ஆசிரியர் சிலர் இனப்பெருக்கத் தொகுதியை, வீட்டிலே வாசித்துக்கொள்ளுங்கள் என்று கூறிக் கடந்துவிடுகின்றனர். அந்த மாணவனே நாற்பது ஆண்டுகளுக்குப் பின் டொக்டர் முன் அமர்ந்து, ஒரு மாதிரி இருக்கிறது என்கிறான்.

இவ்வாறு எழுதுவது முதியோரை அச்சுறுத்தும் என்று சிலர் கூறலாம். அவர்கள் கூற்றில் நியாயம் உண்டு. பனங்காட்டில் ஓலை சலசலத்தால் அது காற்றுத்தான். ஒவ்வொரு சலசலப்புக்கும் பாம்பென்று ஓடுபவனால் பனங்காட்டில் வாழ முடியாது. இரவில் எழும்பும் ஆண்களில் மிகப் பெரும்பாலோர்க்குப் புற்றுநோய் இல்லை. அறிகுறி எதுவும் இல்லாதவர்களை எல்லாம் பீ.எஸ்.ஏ. பரிசோதனைக்கு உட்படுத்துவதிலும் தீமை உண்டு. ஒருகாலும் தீங்கு செய்யாத, மிக மெதுவாக வளரும் புற்றுகளும் அதில் அகப்படும். அவற்றுக்குச் சத்திரசிகிச்சை செய்து, சிறுநீரை அடக்கும் ஆற்றலையும் ஆண்மையையும் இழந்தவர் பலர். ஆதலின் எல்லோரும் ஓடிச் சென்று எல்லாப் பரிசோதனையும் செய்க என்று நான் கூறவில்லை.

நான் கூறுவது வேறு. முதலில் பொது நோயென்று எண்ணுவது சரி, அதுவே அறிவுடைமை. ஆனால் பொது நோய்க்கு மருந்து கொடுத்தும் பொது நோய் போகவேண்டிய வழியிற் போகவில்லையாயின், அந்தப் போகாமையே ஓர் அறிகுறி. கிருமிக்கு மருந்து உட்கொண்டும் எரிவு திரும்பத் திரும்ப வருகிறதா? சிறுநீரை வளர்த்துப் பார்த்தும் கிருமி காணப்படவில்லையா? ஆண்டுக்கணக்கிற் கூடவேண்டிய தொல்லை வாரக்கணக்கிற் கூடுகிறதா? இளவயதினன் ஒருவனுக்கு அல்லது சிறுவன் ஒருவனுக்குச் சிறுநீர் தடைப்படுகிறதா? குருதி தோன்றிற்றா? இடுப்பெலும்பில், முதுகில் ஓயாத நோவு உண்டா? உடம்பு காரணமின்றி மெலிகிறதா? இவற்றுள் ஒன்றிருப்பினும், பீ.எஸ்.ஏ. குறைவாயிருக்கிறதென்று ஆறுதலடைந்து நின்றுவிடக் கூடாது. விரற் பரிசோதனை ஒரு நிமிடத்தில் முடிவது. கல்லென இறுகிய சுரப்பியை அது காட்டிக்கொடுக்கும். அதன்மேல், கதிர்ப்படங்களும், உள்நோக்குக் கருவியும், இறுதியில் இழையத் துண்டொன்றை எடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்ப்பதும் உள்ளன. நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணமின்றி வைத்தியம் பெறலாம். அங்கே நாம் கொண்டுசெல்ல வேண்டியது தெளிவான வாக்கியம் ஒன்றே.

தையிலேயே கண்டறிந்திருந்தால் என் நண்பர் பிழைத்திருப்பாரா? அப்படிச் சொல்லி என்னை நானே தண்டிக்கவோ, பிழைத்திருக்கமாட்டார் என்று சொல்லித் தப்பிக்கவோ நான் விரும்பவில்லை. அந்நோய் கொடியது, முன்கூட்டிக் கண்டவரையும் அது பலமுறை வென்றிருக்கிறது. ஆனால் நோய் சுரப்பியை விட்டுப் பரவுமுன் சிகிச்சை பெற்றவர்க்கு ஆயுள் நீள்கிறது என்பதும் உண்மை. குறைந்தபட்சம் இரண்டு மாதங்கள் அவருக்குக் கூடுதலாகத் தெரிந்திருக்கும். தம் கணக்கைத் தாமே செய்யும் இரண்டு மாதங்கள். அவற்றை இழக்கச் செய்ததில் என் நாகரிகத்துக்கும் பங்குண்டு.

அதன் பின் வாசிகசாலைத் திண்ணையில் என் வழக்கம் மாறிவிட்டது. யாரேனும் குரலைத் தாழ்த்திச் சூடு என்று தொடங்கினால், எத்தனை தரம், எத்தனை நாள், என்ன நிறம் என்று கேட்டுவிடுகிறேன். முதலிற் சிலர் முகம் சுளித்தனர். தமிழ் வாத்தியார் இப்படிக் கேட்கலாமா என்றவரும் உண்டு. சென்ற மாதம் ஒருவர், என்னிலும் இளையவர், தாமாகவே வந்து, "மாஸ்டர், சலத்தோட இரத்தம் போனது, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறன்" என்றார். அதனிலும் செம்மையான வாக்கியத்தை என் மாணவர் எவரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

இடக்கரடக்கல் அவைக்கு உரியது. வைத்தியரின் அறை அவையன்று. வீட்டாரின் நோய்ப் படுக்கையும் அவையன்று. அங்கே இயல்பு வழக்கே தகுதி வழக்கு. ஆசிரியராயிருப்போர், அடுத்த முறை நன்னூலின் அப்பகுதியை நடத்தும்போது, உதாரணங்களுக்குப் பின் இவ்வொரு விதிவிலக்கையும் மாணவர்க்குச் சொல்லிவைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.